அலமாரிச் சாவி

மூன்று ரிங்கிட்டுக்கு ஒரு நீலக் கோப்பு வாங்கினேன்.
அடுத்து வருபவருக்கு என்று எழுதிய முதல் குறிப்பு:
'வகுப்பு பத்து மணி என்றால்
பிள்ளைகள் ஒன்பதரைக்கே வந்து
மின்தூக்கி வாசலில் சண்டை போடுவார்கள்.'
இரண்டாம் குறிப்புக்கு
இரண்டு வாரம் பிடித்தது.

பாயா தெருபோங் அடுக்குமாடி, தரைத்தளக் கூடம்.
மூன்று விசிறியில் ஒன்றுதான் சுற்றும்.
கூடத்துச் சாவிக்கு என்சிக் ரொஸ்லானை
வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்பே பிடிக்கவேண்டும்,
தவறினால் திங்கள்தான்.
பதினோராவது மாடி இரட்டையரை
ஒரே மேசையில் உட்காரவைக்கக் கூடாது.
எந்தக் கூட்டக் குறிப்பிலும் இவை இல்லை.
என் தலையில் இருந்தன,
மூன்றாண்டாக, வாடகை கொடுக்காமல்.

பிரமிளாவைத்தான் மனதில் வைத்திருந்தேன்.
நிதானம். கணக்கில் ஒரு சென் பிசகாது.
சுங்கை டுவா மாமாக் கடையில்
மீ கோரெங் வாங்கிக் கொடுத்துக் கேட்டேன்.
பாதித் தட்டு காலியாகும்வரை பேசவில்லை.
பிறகு,
"நீங்க செய்றத யாராலயும் செய்ய முடியாதுக்கா."
சிரித்தேன்.
"பாராட்டு இல்லக்கா.
போன பரீட்சை வாரம் காய்ச்சலோட பஸ் ஏறி வந்து
வெள்ளைப் பலகையத் தூக்கினீங்க.
நாங்க ஒன்பது பேர் அங்கதான் நின்னோம்."

தே தாரிக் ஆறி, மேலே ஆடை படிந்தது.

ஒன்பது பேர்.
அன்றிரவு விடுதி அறையில் எண்ணிப் பார்த்தேன்,
யாரிடம் எப்போது எதைக் கொடுத்தேன் என்று.
யுகேந்திரனை ஒருமுறை நாற்காலி அடுக்கச் சொன்னேன்.
அவன் போனபிறகு
நானே மறுபடி அடுக்கினேன்.

கோப்பைக் கிழிக்கவில்லை, மூன்று ரிங்கிட் ஆயிற்றே.
திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
இம்முறை ஒன்பது பேரும் கூடவே.
பேருந்துப் பணம் பிரமிளா.
என்சிக் ரொஸ்லான் யுகேந்திரனுக்கு:
இருவருக்கும் காற்பந்துப் பைத்தியம்,
சாவி தானாக வரும்.
பெற்றோர் தொலைபேசிப் பட்டியல்
முதலாண்டு நவலோஷினிக்கு.
ஒரு பெயரில் எழுத்துப் பிழை.
திருத்தப் போன கையைப்
பைக்குள் விட்டுக்கொண்டேன்.
தலைவர் யாரென்று வாக்கெடுப்பு சொன்னது: சஷ்வின்.
எதற்கும் தாமதமாக வருகிறவன்,
வந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய்த் தொங்குகிறவன்.
என் ஓட்டு அவனுக்கு விழவில்லை.

ஜூலை முதல் சனி. நான் போகவில்லை.
போகாமல் இருக்கவும் ஓர் இடம் வேண்டுமே,
ஜெட்டியில் ஃபெர்ரி ஏறினேன்.
பட்டர்வொர்த்தில் இறங்கி அடுத்த படகில் திரும்பினேன்.
பத்து மணி. கைபேசி சும்மா கிடந்தது.
பத்தேகால். சும்மா.
பக்கத்தில் ஒருவர் கறிபாப் தின்றுகொண்டே
தூரத்துப் பாலத்தைப் படம் எடுத்தார்.
இதற்குத்தானே இரண்டு மாதம் திட்டம் போட்டேன்?
அலை ஒன்றும் பெரிதாக இல்லை,
வயிறு மட்டும் புரண்டது.

பத்து நாற்பதுக்கு சஷ்வின்:
"அக்கா, மார்க்கர் அலமாரிச் சாவி எங்க?"

'சாவி, கதவுக்குப் பின்னால், கொக்கியில்.'
நான்காம் பக்கம், சிவப்பு மை, அடிக்கோடு.
கொக்கியில் மாட்டத்தான் இல்லை.
ஜீன்ஸ் பையில்
தொடையைக் குத்திக்கொண்டிருந்தது.

பதில் தட்டுமுன் இன்னொன்று வந்தது:
"வேணாம்க்கா. அஞ்சாம் மாடி நித்திலன்
ஹேர்பின்னால தொறந்துட்டான்.
பின்னம் நடக்குது."

நித்திலன். நான்காம் ஆண்டு.
எட்டாம் வாய்ப்பாடு இன்னும் வராது அவனுக்கு.

'புதுப் பூட்டு வாங்குங்கள், நல்ல பிராண்டாக,
ரசீதை பிரமிளாவிடம்' என்று தட்டினேன்.
படகு கரையில் முட்டி ஒருமுறை குலுங்கியது.
பின்னாலிருந்து யாரோ நகரச் சொன்னார்கள்.
ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு
நகர்ந்தேன்.